வெளிச்சம் வாங்கும் விதம்

அந்தி மயங்கும் வேளையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகளிலே நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காண்பது உண்டு. பரந்த வளவின் நடுவே பெரிய கல்வீடு ஒன்று நிற்கும். அதன் முற்றமும் விறாந்தையும் இருண்டிருக்கும்; அடுக்களையில் மட்டும் ஒரு சிறு வெளிச்சம் தெரியும். ஆளில்லாத வீடோ என்று ஐயுற்றுப் படலையைத் தட்டினால், இருளுக்குள் இருந்து ஒரு மூதாட்டியின் குரல் எழும். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்வார்கள். அவர் மட்டும் சாய்மனைக் கதிரையில் தனியே அமர்ந்திருப்பார். "ஏனணை ஆச்சி, லைற்றைப் போடாமல் இருட்டுக்கை இருக்கிறியள்?" என்று அயலவர் கேட்டால், "சும்மா இருக்கிறதுக்கு ஏன் மோனை கறண்டை வீணாக்குவான்?" என்று மறுமொழி வரும்.

இந்தச் சிக்கனத்தை எவரும் எளிதில் இகழ்ந்துவிடுதல் தகாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபோது குடாநாடு மின்சாரத்தை இழந்தது. மண்ணெண்ணெய்க்கும் கடுந்தட்டுப்பாடு நிலவியது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றால் எரித்த விளக்கே அக்காலத்து வீடுகளின் விளக்கு. அந்த ஒளியிலேதான் மாணவர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். அந்த ஒளியிலேதான் தாய்மார் உணவு பரிமாறினார்கள். துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலியைக் கேட்டவர்களும் உண்டு. எண்ணெயைத் துளித்துளியாக எண்ணிச் செலவிட்ட ஒரு தலைமுறைக்கு, எரியும் விளக்கு ஒவ்வொன்றும் செலவாகவே தோன்றுதல் இயல்பன்றோ?

இதிலே எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு பொருத்தம் உண்டு. குடாநாடு ஜாம் போத்தல் விளக்கோடு வாழ்ந்த அதே ஆண்டுகளில், யப்பான் நாட்டிலே அறிஞர் சிலர் நீலநிற ஒளியைக் காலும் ஒரு சிறு பளிங்குத் துண்டை ஆக்க முயன்றுகொண்டிருந்தனர். சிவப்பு ஒளியைத் தரும் இருவாயியை அமெரிக்கராகிய நிக் ஹொலொனியக் 1962ஆம் ஆண்டிலேயே ஆக்கியிருந்தார். எனினும் நீல ஒளி கிட்டாமையால் அதிலிருந்து வீட்டுக்கு வேண்டிய வெள்ளை ஒளியைப் பெற முடியவில்லை. இசாமு அக்கசாக்கி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நக்கமுரா என்னும் மூவரின் உழைப்பால் 1990களின் தொடக்கத்தில் அந்தத் தடை நீங்கியது. 2014ஆம் ஆண்டில் பௌதிகவியலுக்குரிய நோபெல் பரிசு அம்மூவருக்கும் வழங்கப்பட்டது. இன்று சந்தைக் கடைகளிலெல்லாம் தொங்கும் எல். ஈ. டி. மின்குமிழ், அதாவது ஒளிகாலும் இருவாயியைக் கொண்ட குமிழ், அந்த உழைப்பின் பயனே.

பழைய இழைக்குமிழுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நன்று. இழைக்குமிழிலே மின்னோட்டம் தங்குதன் இழையை வெண்சூடாக்குகிறது; அந்தச் சூட்டின் விளைவாகவே ஒளி பிறக்கிறது. அதனால் செலவாகும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே கழிந்துவிடும். இருவாயியிலோ மின்சாரம் இத்தகைய சூட்டின் துணையின்றி ஒளியாகிறது. அதிலிருந்து வரும் நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சள் நிற ஒளிர்பொருட் பூச்சு ஒன்று மாற்றிவிடுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன.

இவ்வேறுபாட்டை உணர்ந்துகொண்டால், குமிழ் வாங்குவோர் கைவிடவேண்டிய முதற் பழக்கம் எது என்பதும் விளங்கும். "அறுபது உவாற்றுக் குமிழ் ஒன்று தாருங்கள்" என்று கடையிலே கேட்டுப் பழகிய நாக்கு அது. உவாற்று என்பது குமிழ் உண்ணும் மின்சாரத்தின் அளவு; அது தரும் ஒளியின் அளவு லூமன் எனப்படும். உண்பதைக் கொண்டு உழைப்பை அளத்தல் இழைக்குமிழ்க் காலத்துக்குப் பொருந்தியது. ஏனெனில் அக்காலத்துக் குமிழ்கள் யாவும் ஏறக்குறைய ஒரே தன்மையன. இன்று அவ்வாறு அன்று. ஒரு மெழுகுதிரியின் ஒளி ஏறத்தாழ 12 லூமன். அறுபது உவாற்று இழைக்குமிழ் ஏறத்தாழ 700 லூமன் ஒளியைத் தந்தது. அந்த ஒளியைத் தருவதற்கு நல்ல எல். ஈ. டி. குமிழுக்கு எட்டு அல்லது ஒன்பது உவாற்றே போதும். ஒன்பது உவாற்று என்று எழுதிய இரு பெட்டிகளில் ஒன்று 650 லூமனும் மற்றையது 900 லூமனும் தருதல் கூடும். விலையும் உவாற்றும் ஒன்றாக இருப்பின், லூமன் மிகுந்ததே மேலானது. லூமன் அளவு அச்சிடப்படாத பெட்டியை வாங்காது விடுதலே நன்று.

இனிச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் உவாற்று ஒரு மணித்தியாலம் செலவானால் அது மின் பட்டியலில் ஓர் அலகு. நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் எரியும் அறுபது உவாற்று இழைக்குமிழ், முப்பது நாளில் 9 அலகுகளைச் செலவிடும். ஒன்பது உவாற்று எல். ஈ. டி. குமிழ் அதே நேரம் எரிந்தால் 1.35 அலகு. விறாந்தையிலே ஐந்து உவாற்றுக் குமிழ் ஒன்றை அந்தி முதல் விடியும் வரை, பன்னிரண்டு மணித்தியாலமும், மாதம் முழுவதும் எரியவிட்டாலும் செலவு 1.8 அலகே. மூதாட்டி இருளில் அமர்ந்து மிச்சம்பிடிப்பது இவ்வளவே. இருளிலே இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஏற்படும் துன்பத்தோடு இதனை எவராலும் ஒப்பிட முடியாது.

மின்கட்டணம் பாரமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 2022ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திலே இலங்கையின் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023ஆம் ஆண்டு பெப்ரவரியிலே மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. அதன்பின் அது குறைந்தும் கூடியும் வந்துள்ளது. கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்திருப்பதால், ஒரு வீட்டின் செலவு மேற்படிக்குச் செல்லச்செல்ல அலகொன்றின் விலையும் உயரும். ஆகவே பெருந்தொகையாக உண்ணும் பழைய விளக்குகளை மாற்றும்போது, மிச்சமாகும் அலகுகள் மிக விலையுயர்ந்த அலகுகளாக அமைகின்றன. சிக்கனம் வேண்டியதே. அதனைக் குமிழைத் தேர்ந்தெடுக்கும்போதே செய்துவிட்டால், பின்னர் இருளிலே இருந்து செய்யவேண்டிய தேவை எழாது.

எவ்வாறு தேர்ந்தெடுப்பது? கடைக்குப் போகுமுன் வீட்டிலே எரியும் விளக்குகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தல் வேண்டும். நாளும் நீண்ட நேரம் எரிபவை எவை என்று குறித்துக்கொண்டு, அவற்றையே முதலில் மாற்றுதல் முறை. களஞ்சிய அறையில் வாரத்துக்கு ஒருமுறை எரியும் குமிழை அவசரப்பட்டு மாற்றுவதால் பயன் சிறிதே. அடுத்துக் குமிழ்தாங்கியைப் பார்த்தல் வேண்டும். ஹோல்டர் என்று மக்கள் வழங்கும் இதில் இருவகை உண்டு. இரு முனைகளைச் செருகித் திருப்பிப் பூட்டுவது ஒன்று. திருகாணிபோலச் சுற்றி ஏற்றுவது மற்றையது. கழற்றிய பழைய குமிழைக் கடைக்குக் கையோடு கொண்டு செல்லுதல் ஐயத்தை நீக்கும் எளிய வழி.

கடல் கடந்து வாழும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அன்போடு குமிழ்களைக் கொண்டுவருவதும் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இலங்கையின் வீட்டு மின்னழுத்தம் 230 உவோற்று. கனடாவில் அது 120 உவோற்று. கனடாவின் திருகுக் குமிழ் இங்குள்ள திருகு தாங்கியிலே ஏறிவிடும். ஏறுவதாலேயே பொருந்தியது என்று கொண்டுவிடல் ஆகாது. 120 உவோற்று என்று மட்டும் குறிக்கப்பட்ட குமிழ் இங்கே பழுதாகிவிடும்; சூடேறிப் புகைதலும் கூடும். பிரித்தானியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவை மின்னழுத்தத்தால் பொருந்துவன. குமிழின் அடிப்பாகத்திலே அச்சிட்டுள்ள எண்ணைப் படித்த பின்பே எதனையும் பூட்டுதல் வேண்டும்.

அந்த எண் வேறொரு காரணத்தாலும் குடாநாட்டாருக்கு முக்கியமானது. நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் முதலான தோட்டக் கிராமங்களிலே கிணற்று நீரை இறைக்கும் மின்மோட்டார்கள் பல. மோட்டார் ஒன்று இயங்கத் தொடங்கும் கணத்திலே அயல் வீட்டு விளக்குகள் ஒருமுறை மங்கிப் பின் தெளிவதைப் பலரும் கண்டிருப்பர். மின்னழுத்தம் இவ்வாறு தாழ்வதும் உயர்வதும் எல். ஈ. டி. குமிழின் அடியிலுள்ள நுண்கருவியை வருத்தும். 220 முதல் 240 உவோற்று என்று குறிக்கப்பட்டதைக் காட்டிலும், 170 முதல் 265 உவோற்று வரை தாங்கும் என்று குறிக்கப்பட்ட குமிழ் அத்தகைய இடங்களில் நெடுங்காலம் நிலைக்கும்.

எல். ஈ. டி. குமிழ் சூடாவதில்லை என்று பலர் நம்புகின்றனர். அது முழுதும் உண்மை அன்று. இழைக்குமிழைவிட மிகக் குறைந்த வெப்பமே அதில் பிறக்கும்; ஆனால் பிறக்கும் வெப்பம் அதன் கழுத்துப் பகுதியிலே தங்கும். அந்த வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் குமிழின் ஆயுள் பாதியிலே முடிந்துவிடும். மதில் தூணின் மேல் உள்ள கண்ணாடி உருண்டை விளக்கு, கூரையோடு ஒட்டிய மூடிய விளக்கு ஆகியவற்றிலே குமிழ்கள் அடிக்கடி பழுதாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அத்தகைய கூடுகளுக்குக் குறைந்த உவாற்றுள்ள குமிழை, மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டிருப்பின் அதனை, வாங்குதல் தகும். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று உலோகத்தை அரித்துவிடும். அங்கே வெளிவிளக்குகளுக்கு நீரும் தூசும் புகாத உறை வேண்டும்.

இனி நிறத்தைப் பற்றியது. பெட்டியின் மேல் 2700, 3000, 4000, 6500 என்னும் எண்களும் அவற்றோடு கெல்வின் என்னும் குறியும் காணப்படும். சிறிய எண் பழைய இழைக்குமிழின் இளமஞ்சள் ஒளியைக் குறிக்கும். பெரிய எண் நண்பகல் வானத்தின் நீலம் கலந்த வெண்மையைக் குறிக்கும். எண் பெரிதானால் ஒளி மிகும் என்பது தவறான எண்ணம். படுக்கையறைக்கும் சாமி அறைக்கும் 2700 முதல் 3000 வரையுள்ள ஒளி கண்ணுக்கு இதமானது. அடுக்களைக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் 4000 பொருந்தும். ஒரே அறைக்குள் இருவேறு நிறங்களைக் கலத்தல் கண்ணை உறுத்தும். நிறங்களை உள்ளவாறு காட்டும் திறனுக்கும் ஓர் அளவு உண்டு. சூரிய ஒளிக்கு அது நூறு. எண்பதுக்குக் குறைந்த குமிழின்கீழ் மீனின் செவுள் சிவந்திருக்கிறதா வெளிறியிருக்கிறதா என்று அறிவது கடினம். அடுக்களைக்குத் தொண்ணூறு கிடைத்தால் சிறப்பு.

எவ்வளவு ஒளி வேண்டும் என்னும் வினாவுக்கு அறையின் அளவு மட்டும் விடையாகாது. அங்கே இருப்பவரின் வயதும் கருதத்தக்கது. பத்தடி நீள அகலமுள்ள அறைக்குப் பொதுவாக 800 முதல் 1000 லூமன் போதும். ஆனால் வயது ஏறஏறக் கண்ணின் மணி சுருங்கும், வில்லையும் மங்கும். அறுபது வயதினரின் கண்ணுக்குள் புகும் ஒளி, இருபது வயதினரின் கண்ணுக்குள் புகுவதிலே மூன்றில் ஒரு பங்கு அளவே என்பர். பேரனுக்குப் போதுமான வெளிச்சம் பேர்த்திக்குப் போதாது. அதற்காகக் கண்ணைக் கூசவைக்கும் குமிழொன்றை நடுவிலே தொங்கவிடுதலும் முறையன்று. பால்நிற மூடியுள்ள குமிழ்கள் இரண்டை இரு பக்கத்தில் அமைத்தால் நிழலும் கூச்சமும் குறையும்.

பல வீடுகளின் தலைவாசலில் இன்றும் எரிவது நான்கடிக் குழல் விளக்கு. பழைய குழல் 36 உவாற்று. சோக் உண்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ 45. அவ்விடத்தில் 18 உவாற்று எல். ஈ. டி. குழல் போதும். எனினும் பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகுவது எல்லா இடத்திலும் பொருந்தாது. சில குழல்களுக்கு ஸ்ரார்ட்டரை நீக்கி, உடன் தரப்படும் மாற்றுத்துண்டைச் செருகினாற் போதும். வேறு சிலவற்றுக்குச் சோக்கையே இணைப்பிலிருந்து விலக்கி, மின்சாரத்தை ஒரு முனைக்கு நேரே கொடுத்தல் வேண்டும். இந்த வேலையைப் பிரதான ஆளியை நிறுத்திவிட்டு, மின்வேலை அறிந்தவர் செய்தலே பாதுகாப்பு.

புதிய குமிழைப் பூட்டியபின் ஆளியை நிறுத்தினாலும் அது மங்கலாக எரிந்துகொண்டிருத்தல் உண்டு. ஆளியிலுள்ள சிறு அடையாள விளக்கினாலோ நீண்ட கம்பியினாலோ இது நிகழலாம். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. ஆளி உயிர்க்கம்பியில் அமையாமல் நொதுமல் கம்பியில் அமைந்திருந்தால், ஆளியை நிறுத்திய பின்னும் குமிழ்தாங்கியிலே மின்சாரம் நிற்கும். குமிழை மாற்றக் கை வைப்போரின் உயிருக்கு அது ஆபத்து. பழைய இழைக்குமிழ் ஆண்டுக்கணக்காக மறைத்து வைத்திருந்த பிழையைப் புதிய குமிழ் காட்டிக்கொடுக்கிறது. அவ்வாறு மங்கி எரிவதைக் கண்டால், வேடிக்கையாகக் கருதாமல் மின்வேலை அறிந்தவரை அழைத்துக் காட்டுதல் வேண்டும்.

கழற்றிய பழைய குழல்களையும் வளைந்த சீ. எஃப். எல். குமிழ்களையும் வளவின் மூலையிலே உடைத்துப் போடுதல் பெருந்தவறு. அவற்றுள் சிறிதளவு பாதரசம் உண்டு. குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். மேலே விழுவது கீழே இறங்கத் தடை குறைவு. குடிநீரோ அந்த நிலத்தடியிலிருந்தே கிணற்றுக்கு வருகிறது. பழையவற்றை உடையாமல் பெட்டியிலிட்டு வைத்து, மின்கழிவு சேகரிக்கப்படும்போது கொடுத்தல் வேண்டும்.

மின்வெட்டு நாள்களையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. சிறு மின்கலம் உள்ளே அமைந்த குமிழ்கள் உண்டு. மின்சாரம் நின்றதும் அவை சில மணித்தியாலம் தாமே எரியும். வீடு முழுவதற்கும் இவை வேண்டியதில்லை. முதியவரின் கட்டிலருகே ஒன்றும், அடுக்களையில் ஒன்றும் இருந்தாற் போதும். மின்கலம் காலப்போக்கில் தளரும் என்பதால், மாதம் ஒருமுறை ஆளியை நிறுத்தாமல் பிரதான மின்சாரத்தை மட்டும் சிறிது நேரம் நிறுத்திச் சோதித்தல் நல்லது.

மலிவைப் பற்றியும் ஒரு சொல். பெட்டியிலே 15,000 மணித்தியாலம் என்று எழுதியிருப்பது வெறும் எண். எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்டு, கடைக்காரர் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுதலே வாங்குவோருக்கு உண்மையான காப்பு. பூட்டிய நாளைக் குமிழின் கழுத்திலே பேனாவால் எழுதிவைத்தல் மேலும் உதவும். கைத்தொலைபேசியின் படக்கருவியைக் குமிழுக்கு நேரே பிடித்தால் திரையிலே கரிய கோடுகள் ஓடுமாயின், அதன் ஒளி நடுங்குகிறது என்பது புலனாகும். படிக்கும் மேசைக்கு அத்தகையது ஆகாது.

இவ்வளவையும் அறிந்தபின் அந்த மூதாட்டியின் வீட்டுக்கு மீண்டும் சென்று பார்க்கலாம். அவருக்கு வேண்டியவை பல அல்ல. விறாந்தையிலே ஐந்து உவாற்றில் இளமஞ்சள் குமிழ் ஒன்று. அடுக்களையிலே ஒன்பது உவாற்றில் ஒன்று. கட்டிலிலிருந்து எட்டும் தொலைவிலே மின்கலக் குமிழ் ஒன்று. பின்வாசலிலிருந்து கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் செல்லும் வழியிலே, மழைக்கு ஈடுகொடுக்கும் உறைக்குள் ஒன்று. கிணற்றுக்கட்டின் விளிம்பும், பாசி படிந்த படியும், வழியிலே படுத்துக் கிடக்கக்கூடிய பாம்பும் இரவிலே தெரிதல் வேண்டும். பிள்ளைகள் மாதந்தோறும் தொலைபேசியில் நலம் கேட்பதோடு, எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்றும் கேட்டுக்கொள்ளலாம். குமிழ் மாற்ற அவரைக் கதிரையின் மேல் ஏறவிடாமல், அயல் வீட்டு இளைஞர் ஒருவர் அந்த வேலையை ஏற்கலாம்.

ஜாம் போத்தல் விளக்கின் காலத்திலே சிக்கனம் என்பது வெளிச்சத்தைக் குறைப்பதாக இருந்தது. வேறு வழி அன்று இருக்கவில்லை. அக்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு, செலவைக் குறைத்துக்கொண்டே வெளிச்சத்தைக் கூட்டும் வழி இன்று கைக்கு எட்டியிருக்கிறது. அந்தி மயங்கும்போது அவர்களுடைய விறாந்தையிலே ஒரு விளக்கு எரியட்டும். அதற்காகும் செலவு மாதத்துக்கு இரண்டு அலகுக்கும் குறைவு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுதல், கணக்கு அறிந்த பிள்ளைகளின் கடமை.